இணையக் கம்பனியின் பங்கு 42 ரூபா பெறுமா?

கேள்வி: கிளிநொச்சியில் உரக்கடை வைத்திருக்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயலும் உண்டு. காலபோக நெல் விற்ற காசும் சீட்டு எடுத்த காசுமாக 6 இலட்சம் கையில் இருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையில் ஓர் இணைய வர்த்தகக் கம்பனியின் பங்கு 42 ரூபாவுக்குப் போகிறது. "இப்பவே வாங்குங்கோ சித்தப்பா, அமேசனும் முதலிலே நட்டத்திலதான் ஓடினது" என்கிறான் ரொறன்ரோவில் இருக்கிற பெறாமகன். வங்கியில் வேலை செய்யும் நண்பரோ, விலை இலாபத்தைப் போல 140 மடங்கு, கிட்டவும் போகாதே என்கிறார். நியாயமான விலையை நானே கணக்குப் பார்க்க வழி உண்டா? கடைசி ஆண்டறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: நண்பரின் 140 மடங்கு கணக்கில் பிழையில்லை. ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. விசுவமடுப் பக்கம் மூன்று வருடத் தென்னம்பிள்ளைகள் நிற்கிற காணியை இந்த வருடத்துக் காய்க் கணக்கில் விலை பேசினால் பூச்சியம்தான் வரும். அதற்காக விற்கிறவர் கேட்டதைக் கொடுத்துவிட்டும் வரமாட்டீர்கள். எத்தனை பிள்ளை தப்பி நிற்கிறது, வண்டு விழுந்தது எத்தனை, காய்க்க எத்தனை வருடம், அதுவரை தண்ணீருக்கும் காவலுக்கும் என்ன செலவு என்று பார்த்துப் பின்னோக்கி வருவீர்கள். இணையக் கம்பனிக்கும் அதே கணக்குத்தான். முழுதாகக் காய்க்கும் வருடத்தை முதலில் மனதில் நிறுத்தி, அங்கிருந்து இன்றைக்குத் திரும்பி வர வேண்டும்.

அறிக்கையிலிருந்து எடுத்த இலக்கங்கள் இவை. பங்குகள் 200 மில்லியன். 42 ரூபாவால் பெருக்கினால் சந்தைப் பெறுமதி 8,400 மில்லியன் ரூபா. கம்பனியின் கையில் காசு 900 மில்லியன், கடன் 300 மில்லியன். காசைக் கழித்துக் கடனைக் கூட்டினால், தொழிலுக்கு மட்டும் சந்தை வைத்திருக்கும் விலை 7,800 மில்லியன். கடந்த ஆண்டு வருமானம் 1,500 மில்லியன், இலாபம் 60 மில்லியன்.

அந்த 1,500 எந்த வருமானம் என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இணையக் கடைகள் தங்கள் தளத்தில் கைமாறிய மொத்தப் பொருளின் பெறுமதியைப் பெரிய எழுத்தில் போடும். நெல் வாங்கிக் கொடுக்கும் தரகர் நெல்லின் முழு விலையையும் தன் வருமானம் என்று சொல்ல மாட்டார், மூடைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கழிவைத்தான் சொல்வார். உங்கள் அறிக்கையில் 1,500 என்பது கழிவும் கட்டணமும்தான், அது சரி. அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 10,000 மில்லியனை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் பங்கு மலிவு என்றே பட்டிருக்கும்.

இனிப் பின்னோக்கிய கணக்கு. இந்த முதலீட்டில் ஆண்டுக்கு 18 வீதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் 18? அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியல் 2025 இல் 8 வீதத்துக்குப் பக்கத்தில் கொடுத்தது. சின்னக் கம்பனி, நிச்சயமில்லாத இலாபம், நினைத்த நேரம் விற்க முடியாத பங்கு, இவற்றுக்காக இன்னும் 10. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 9, 10 வீதம் போடுகிறவர்கள் உண்டு. அது டொலரில் உழைக்கும் கம்பனிக்கான வீதம். ரூபாவில் வரும் இலாபத்துக்கு ரூபா வீதம்தான் பொருந்தும். 2023 தொடக்கத்தில் இதே உண்டியல் 30 வீதத்தை ஒட்டி நின்றதை மறக்க வேண்டாம்.

18 வீதத்தில் ஏழு வருடம் வளர்ந்தால் ஒரு ரூபா ஏறத்தாழ 3.19 ரூபா. ஆகவே இன்றைய 7,800 மில்லியன் அப்போது 24,800 மில்லியன் அளவில் நிற்க வேண்டும். வளர்ந்து முடிந்த கம்பனிக்கு இலாபத்தின் 15 மடங்கு விலை கொடுத்தால் போதும் என்றால், அந்த வருட இலாபம் 1,650 மில்லியன். வருமானத்தில் 15 வீதம் இலாபமாக நிற்கும் என்று தாராளமாக வைத்தாலும், வருமானம் 11,000 மில்லியன் ஆக வேண்டும். இன்றையதைப் போல ஏழு மடங்குக்கு மேல். ஒரு வருடமும் சறுக்காமல் ஏழு வருடம் 33 வீத வளர்ச்சி.

அதோடு முடியவில்லை. கடந்த மூன்று வருடமும் பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 3 வீதம் அளவில் கூடியிருக்கிறது. ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பங்காகக் கொடுக்கிறார்கள். தொழில்நுட்பக் கம்பனிகளில் இது வழமை. முதலீட்டாளருக்குப் போடும் விளக்கப் படங்களில் இந்தச் செலவைக் கழிக்காமல் "திருத்திய இலாபம்" என்று காட்டுவதும் வழமைதான். இந்த வேகத்தில் 200 மில்லியன் பங்கு ஏழு வருடத்தில் 246 மில்லியன் ஆகும். காணி அதேதான், பங்காளிகள் கூடிவிட்டார்கள். உங்களுடைய துண்டு சுருங்காமல் இருக்க வளர்ச்சி 33 இலிருந்து 37 வீதத்துக்கு ஏற வேண்டும். 42 ரூபா கொடுப்பவர் இதை நம்பித்தான் கொடுக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ.

அடுத்தது முன்னோக்கிய கணக்கு. மூன்று நிலை போதும். நல்ல நிலையில் வருமானம் ஆண்டுக்கு 30 வீதம் வளர்கிறது, இலாபம் 18 வீதம், விலை இலாபத்தின் 15 மடங்கு. ஏழாம் வருட வருமானம் 9,400 மில்லியன், இலாபம் 1,690, பெறுமதி 25,400. அதை 3.19 ஆல் பிரித்து, கடன் போக மிஞ்சும் 600 மில்லியன் காசைக் கூட்டி, 246 மில்லியன் பங்குக்குப் பகிர்ந்தால் ஒரு பங்கு 35 ரூபா. நடு நிலையில் வளர்ச்சி 20, இலாபம் 12 வீதம், 12 மடங்கு: பங்கு 12 ரூபா. கெட்ட நிலையில் வளர்ச்சி 8, இலாபம் 4 வீதம், 8 மடங்கு, அந்த 600 மில்லியன் காசும் விளம்பரத்தில் கரைந்துவிடுகிறது: பங்கு ஒரு ரூபா. இவற்றுக்கு 30, 45, 25 என்று வாய்ப்புக் கொடுத்தால் சராசரி 16 ரூபாவுக்குச் சற்று மேல்.

நல்ல நிலைகூட 42 ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 18 ஐ 14 ஆக்கினால் நல்ல நிலை 44 ரூபா வரும், பெறாமகனும் சந்தோஷப்படுவான். நாலு புள்ளி மாற்றத்தில் விலை கால்வாசி கூடுகிறது. விரும்பிய விடை வரும்வரை வீதத்தை இறக்குவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கிற பிழை. இரண்டாவது பிழை, கடைசி வருடத்துக்கும் இன்றைய 140 மடங்கையோ 40 மடங்கையோ போடுவது. வளர்ந்து முடிந்த மரத்துக்கு யாரும் கன்றின் விலை கொடுப்பதில்லை.

வாய்ப்பு வீதங்களை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பீர்கள். ஒரு பொதியை எடுத்துப் பாருங்கள். ஒட்டுசுட்டானுக்கு 2,500 ரூபாப் பொருள் போகிறது. 15 வீதக் கழிவில் கம்பனிக்கு 375 ரூபா. காசு அறவிடும் செலவு 75. வாடிக்கையாளர் கொடுக்கும் கூலிக்கு மேல் கம்பனி போடும் அனுப்புகூலி 150. ஆள் வீட்டில் இல்லை, காசு கையில் இல்லை, அளவு பொருந்தவில்லை என்று திரும்பி வரும் பொதிகளுக்காக ஒதுக்குவது 60. மிச்சம் 90. புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க விளம்பரமும் விலைக்கழிவுச் சீட்டுமாக 800 ரூபா போகிறது. அவர் வருடத்துக்கு நாலு தடவை வாங்கினால் 360 ரூபா. வருடா வருடம் நூற்றுக்கு நாற்பது பேர் நழுவினால் ஒருவர் சராசரியாக இரண்டரை வருடம் நிற்பார், மொத்தம் 900. எண்ணூறு போட்டுத் தொள்ளாயிரம் எடுக்கிற தொழில் அது. சம்பளமும் களஞ்சிய வாடகையும் அதற்குள்ளேதான். போட்டதைப் போல மூன்று மடங்காவது திரும்ப வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு. இதைப் பார்த்துத்தான் நல்ல நிலைக்கு 30 க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

எல்லா இணையக் கம்பனியும் இப்படியல்ல. கொழும்பில் 2021 இல் பட்டியலிடப்பட்ட எச்செனிட், நிறுவனங்களுக்கு ஆளணி மென்பொருள் விற்கிறது. 2022 இல் வந்த கப்ருக்கா இணையக் கடை. 2024 இல் வந்த பிக்மி வாடகை வண்டிச் செயலி. மென்பொருள் வாங்கிய நிறுவனம் இலகுவில் மாறாது, இன்னொரு பிரதி கொடுக்கப் பெரிய செலவும் இல்லை. ஆகவே இலாப வீதம் கூடவே வைக்கலாம். கடையில் பொதி ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. ஒன்றின் மடங்கை மற்றதற்குப் போட்டு "மலிவு" என்று சொல்வது நெல்லின் விலையில் உளுந்து வாங்குவது மாதிரி.

மென்பொருள் கம்பனியில் வேறொன்றைப் பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகப் பதிய, நிபந்தனைகளோடு, இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 இடம் கொடுக்கிறது. தவறில்லை, ஆனால் இலாபம் கொழுத்துத் தெரியும். காசு வந்து போனதைக் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்றை ஆண்டறிக்கையில் திறந்து, தொழிலில் வந்த காசிலிருந்து அந்தச் சொத்துக்குப் போன காசைக் கழியுங்கள்.

பெறாமகனின் அமேசனுக்கு வருவோம். முதல் முழு வருட இலாபத்தை அது 2003 இல்தான் காட்டியது, அது உண்மை. 1999 டிசம்பரில் 107 டொலரில் நின்ற பங்கு 2001 இல் 6 டொலருக்கும் கீழே போனதும், அந்த உச்சத்தில் வாங்கியவர் தன் விலையைப் பார்க்க 2009 வரை இருந்ததும் உண்மை. பிழைத்த கம்பனியின் கதை அது. 2000 பெப்ரவரியில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்ற பெட்ஸ்.கொம் என்ற செல்லப்பிராணிப் பொருள் இணையக் கடை அதே வருடம் நவம்பரில் மூடப்பட்டது. எனக்குப் பெரிய பாடமாகப் படுவது இணையவழிக் கூட்டச் செயலி நடத்தும் சூம் கம்பனி. 2020 ஒக்டோபரில் பங்கு 560 டொலரைத் தாண்டி நின்றபோது அதன் சந்தைப் பெறுமதி 2021 ஜனவரியில் முடிந்த ஆண்டின் வருமானத்தைப் போல 60 மடங்கு. அடுத்த இரண்டு ஆண்டில் வருமானம் 2.65 பில்லியனிலிருந்து 4.39 பில்லியன் டொலருக்கு ஏறியது. பங்கோ 2022 முடிவில் 70 டொலருக்கும் கீழே. கம்பனி வளர்ந்தது, வளர்ச்சிக்கு முன்கூட்டியே கொடுத்த விலைதான் கூடிப்போனது.

இனி உங்கள் 6 இலட்சம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் உழவு, விதைநெல், கூலி என்று வேண்டிய காசையும், கடையில் உரம் இறக்கும் முதலையும் தொடாதீர்கள். சீட்டு எடுத்த காசு என்றால் மாதாமாதம் கட்ட இன்னும் இருக்கும், அதையும் ஒதுக்குங்கள். ஏழு வருடத்துக்குத் தேவைப்படாதது எவ்வளவோ அதில் ஒரு சிறு பகுதிதான் இப்படியான பங்குக்கு. ஒரு கம்பனிக்கு 60,000 ரூபாவுக்கு மேல் வேண்டாம்.

42 ரூபாவுக்கு வாங்க வேண்டாம். 16 என்பது என் ஊகங்களின் சராசரி, அதிலும் பிழை இருக்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு குறைத்து 11 ரூபாவுக்கு வந்தால் யோசிக்கலாம். தரகர் ஊடாகக் கட்டளை கொடுக்கும்போது விலை எல்லை போட்டுக் கொடுங்கள். கைமாற்றம் குறைந்த பங்குகளில் "சந்தை விலைக்கு" என்று விட்டால், ஒரே நாளில் உங்கள் கட்டளையே விலையை ஏற்றிவிடும். வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம் என்று தரகும் கட்டணங்களும் போகும்.

அடுத்த காலாண்டறிக்கை பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே வரும். வந்ததும் இரண்டு வரியைப் பாருங்கள்: பங்குகளின் எண்ணிக்கை 200 மில்லியனில் நிற்கிறதா, விளம்பரச் செலவு வருமானத்தைவிட மெதுவாக ஏறுகிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் நல்ல நிலையின் 30 ஐ 40 ஆக்கி, நடு நிலையைச் சற்றுக் குறைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அப்போதும் சராசரி 19, 20 ரூபாவைத் தாண்டாது.