ஹீல் ரைஸ் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. போன வருஷம் பைக்கில் இருந்து விழுந்து வலது தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கால் 12 மில்லிமீட்டர் குட்டை, ஷூவுக்குள் ஹீல் ரைஸ், அதாவது குதிகாலை உயர்த்தும் பேட், வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். மருந்துக்கடையில் 450 ரூபாய்க்கு ஜெல் பேட் ஒரு ஜோடி வாங்கினோம். இரண்டு ஷூவிலும் வைத்துத்தான் நடக்கிறார். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். இடுப்பு வலி குறையவே இல்லை. எதைத்தான் வாங்குவது?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, இடது ஷூவில் இருக்கும் பேடை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு காலையும் ஒரே அளவு தூக்கினால் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் வலிக்கு இரண்டு ஷூவிலும் வைப்பார்கள். கால் குட்டை என்றால் குட்டைக் காலுக்கு மட்டும்தான். கடையில் ஜோடியாகக் கொடுப்பதால் பலரும் இரண்டிலும் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, அந்த ஜெல். கையில் எடுத்து அழுத்தினால் மெத்தென்று சுகமாக இருக்கும். என் அப்பாவுக்கு வாங்கியபோது நானும் அந்தச் சுகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் ஆள் ஏறி நின்றதும் ஜெல் அமுங்கிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் உயரம் காலுக்குக் கிடைக்காது. குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க ஜெல் நல்ல பொருள், உயரத்தைச் சரிக்கட்ட அது உதவாது. கட்டைவிரலால் பலமாக அழுத்தினாலும் அவ்வளவாகப் பள்ளம் விழாத கெட்டியான ரப்பர், கார்க், ஈ.வி.ஏ. (செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் லேசான ஃபோம்) இந்த மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்துத் தெருக்களில் கணுக்கால் தண்ணீரில் நடக்காமல் முடியாது. அதனால் தண்ணீர் குடிக்காத ஈ.வி.ஏ.வைத்தான் நான் சொல்வேன். அடுக்கடுக்காக ஒட்டி, வேண்டாத அடுக்கை உரித்துக்கொள்கிற மாதிரியும் வருகிறது. உங்களுக்கு அதுதான் சரி.

ஏனென்றால் 12 மில்லிமீட்டரையும் ஒரே நாளில் ஏற்றக் கூடாது. வித்தியாசத்துக்கு உடம்பு ஒரு மாதிரி பழகியிருக்கும். 3 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, ஒன்றிரண்டு வாரம் பார்த்து, அப்புறம் அடுத்த அடுக்கு. நடுவில் முழங்காலிலோ முதுகிலோ புது வலி வந்தால் ஒரு அடுக்கைக் குறைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். முழு வித்தியாசத்தையும் சரிக்கட்ட வேண்டும் என்றும் இல்லை. பாதியோ முக்கால்வாசியோ ஏற்றினாலே சிலருக்கு வலி அடங்கிவிடும். எவ்வளவில் நிறுத்துவது என்பதை அளந்து பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். எலும்பு முறிவுப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, குட்டைக் காலுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி இடுப்பு சமமாகிறதா என்று நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். படுக்க வைத்து டேப்பில் அளப்பதோடு இதையும் பார்த்தால் கணக்கு தெளிவாகும்.

ஷூவுக்குள் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரைதான் இடம் இருக்கும். அதற்கு மேல் போனால் நடக்கும்போது குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்துவிடும். மிச்சம் தேவைப்பட்டால் ஷூவின் அடிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் செய்து தருவார், பெரியமேட்டில் அதற்கான ஷீட்டும் கிடைக்கும். 'கொஞ்சம் ஏத்திக் குடுங்க' என்று மட்டும் சொல்லாமல் மில்லிமீட்டரை எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குப் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ஷீட்டை இதற்குப் போட வேண்டாம். அதுவும் ஜெல் மாதிரி அமுங்கும்.

ஷூ வாங்கப் போகும்போது ஹீல் ரைஸைக் கையோடு எடுத்துப் போங்கள். லேஸோ வெல்க்ரோவோ உள்ளது, குதிகால் பக்கம் ஆழமானது, உள் அட்டை கழற்ற வருவது, இந்த மூன்றும் இருக்கட்டும். அட்டைக்கு அடியில் வைத்து இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினால் நகராது. சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போது வீங்கியிருக்கும். கையில் இருக்கும் ஜெல்லைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் குதிகால் வலி வந்தால் உதவும். புதிதாக வாங்குவதும் ஜோடியாக வந்தால், மிஞ்சுவதை அவருடைய இன்னொரு வலது ஷூவில் வைத்துவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கடையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டா நிற்கிறார்? வீட்டிலும் வெறுங்கால்தானே? அப்படியானால் ஷூவுக்குள் இருப்பது ஒரு நாளில் அவருக்கு எத்தனை மணி நேரம் பயன்படும்! வீட்டுக்குள் மட்டும் போட, பின்பக்கம் வார் உள்ள செருப்பு ஒன்றை வாங்கி, வலது அடியில் அதே அளவு ஏற்றி வையுங்கள். கடை முதலாளியிடமும் பேசிப் பாருங்கள். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். வேலைக்கு நடுவே உட்காருவது அவருடைய உரிமை.

சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் எதையும் நாமாக வைக்கக் கூடாது. உரசிப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது.

கேள்வி: எனக்கு 24 வயது. அடுத்த மாதம் கல்யாணம். பெண் என் உயரம்தான். 5 சென்டிமீட்டர் ஏற்றும் பேட் ஆன்லைனில் பார்த்தேன், தினமும் போட்டால் உயரமும் வளரும் என்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, வளராது. இந்த வயதில் எலும்பின் வளர்ச்சி முடிந்துவிட்டது, எந்தப் பேடும் அதை மறுபடி ஆரம்பித்து வைக்காது. அப்படி எழுதி விற்கும் இடத்தில் வேறு எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது. 5 சென்டிமீட்டரில் உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு அதிகமாக இறங்கும், கணுக்காலும் பிசகலாம். ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டுமே! கணுக்காலை மூடும் ஷூவில் 2 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டு நடந்து பாருங்கள். தாலி கட்டும்போது எப்படியும் வெறுங்கால்தான், பெண்ணுக்கு உங்கள் உயரம் தெரியும். சந்தோஷமாக நில்லுங்கள்.

கேள்வி: 10 மில்லிமீட்டர் என்று அச்சிட்ட ரப்பர் ஹீல் பேட் வாங்கினேன். அளந்தால் 6 தான். கடைக்காரர், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைக் காட்டுகிறார்.
வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்தப் போர்டு உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் நாள் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அளவு பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் அவர் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் விஷயம் அப்படி இல்லை, சொன்ன அளவே வரவில்லை. பேடை ஸ்கேலோடு வைத்து ஒரு போட்டோ, பெட்டியில் அச்சிட்ட அளவு தெரியும்படி இன்னொரு போட்டோ, கூடவே பில். இவற்றை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் இன்னொரு தடவை நிதானமாகப் பேசுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பில் தரவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள். பில் கொடுக்காததும் அதே சட்டத்தில் குற்றம் சொல்லக்கூடிய நடைமுறைதான்.