கூலன்ட்ல ஆயில், ஐடில்ல உதறல்

கேள்வி: என் பழைய பெட்ரோல் கார் ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடுறப்ப) உதறுது, கூலன்ட் டேங்க்ல பழுப்பா தயிர் மாதிரி மிதக்குது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) போச்சா?

பதில்: அவசரப்பட்டு ஹெட்டைக் கழட்டிடாதீங்க. ஆயில் கூலர் (கூலன்ட்டை வச்சு இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கிற பாகம்) இருக்கிற வண்டின்னா முதல்ல அதைப் பாருங்க, இன்ஜின் ஓடுறப்ப ஆயில் பிரஷர் கூலன்ட்டை விட ரொம்ப அதிகம், அதனால கூலருக்குள்ள சின்ன ஓட்டை விழுந்தாலே ஆயில் அந்தப் பக்கம் போயிடும், டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) ஆயில் பெரும்பாலும் சுத்தமாவே இருக்கும். இன்ஜின் ஆறினதும் ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டுங்க, ஒண்ணு மட்டும் கழுவிவிட்ட மாதிரி பளிச்சுனு இருந்தா அந்த சிலிண்டர்ல கூலன்ட் இறங்குதுன்னு சந்தேகப்படலாம். கம்ப்ரஷன் டெஸ்ட்ல (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தத்தை அளக்கிறது) பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் குறைவா காட்டினா கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஷனும் சரி, பிளக்கும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தா உதறல் தனிப் பிரச்சனையா இருக்கலாம், வேக்கம் ஹோஸ்ல (இன்ஜினோட உறிஞ்சல் போற ரப்பர் குழாய்) வெடிப்பு இருக்கான்னு தடவிப் பாருங்க. அதுவரை தயவுசெஞ்சு வண்டியை ஓட்டாதீங்க, கூலன்ட் ஆயில்ல கலந்தா பேரிங் போயிடும்.