பனிக்காலத்தில் வௌவால்கள் எங்கே போகின்றன? கேள்வி பதில்

கேள்வி: குளிர்நாடுகளில் பனி விழ ஆரம்பித்ததும் வௌவால்களே கண்ணில் படுவதில்லையே, ஏன்?

பதில்: பூச்சிகள் இல்லை, அதனால் இரை இல்லை. பல இனங்கள் குகை, கைவிடப்பட்ட சுரங்கம், பாறை இடுக்கு, மரப்பொந்து என்று எங்காவது அடைந்துவிடும். கதகதப்பான இடத்தைத் தேடும் என்று நினைக்காதீர்கள். உறையக் கூடாது, ஆனால் சில்லென்று, ஈரமாக இருக்க வேண்டும். உடம்புச் சூடு இறங்கினால்தான் சேர்த்துவைத்த கொழுப்பு வசந்தம் வரை தாங்கும்.

கேள்வி: பறவைகள் மாதிரி வலசை போவதில்லையா?

பதில்: சில இனங்கள் போகும். ஐரோப்பாவில் நதூசியஸ் பிப்பிஸ்ட்ரெல் என்ற வௌவால் பத்து கிராம்கூடத் தேறாது. அது 2000 கிலோமீட்டருக்கு மேல் பறந்த பதிவு இருக்கிறது. டெக்சஸின் பிராக்கன் குகையில் கோடைகாலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வௌவால்கள் இருக்கும். குளிருக்கு அவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோ பக்கம் போய்விடும்.

கேள்வி: பழந்தின்னி வௌவால்கள்?

பதில்: அவை வெப்பநாட்டுவாசிகள். மாதக்கணக்கில் உறங்குவதில்லை.

கேள்வி: மாதக்கணக்கில் தொங்கினால் கால் வலிக்காதா? நடுவில் எழுந்திருக்குமா?

பதில்: கால் தசைநாண்கள் உடல் எடையிலேயே பூட்டிக்கொள்ளும், பிடித்துத் தொங்க வலு தேவையில்லை. உறக்கத்தில் இதயம் நிமிடத்துக்குச் சில முறைதான் துடிக்கும். ரோமத்தின் மேல் பனித்துளி முத்துமுத்தாகக் கோத்து நிற்கும். அப்புறம், சில வாரங்களுக்கு ஒருமுறை தானாகவே விழிக்கும். அங்கேதான் செலவு. குளிர்காலக் கொழுப்பில் பெரும்பங்கு இந்தச் சிறு விழிப்புகளிலேயே கரைந்துவிடுகிறது. உறங்கும் வௌவால்களைப் பார்க்க டார்ச்சோடு குகைக்குள் நுழைவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். நாம் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், நம்மால் விழித்துக்கொண்ட வௌவால் பட்டினி கிடக்கும். 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதன்முதலாகப் பதிவான வெண்மூக்கு நோயும் இப்படித்தான் கொல்கிறது. பூஞ்சை தோலை அரிக்க, அவை அடிக்கடி விழித்துக் கொழுப்பைத் தீர்த்துவிடுகின்றன. வட அமெரிக்காவில் பல லட்சம் செத்துவிட்டன.

கேள்வி: எங்கள் பரணில் ஒன்று தொங்குகிறது. வெளியே பனி. விரட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். உறைபனியில் விட்டால் பிழைப்பது கடினம். ஆட்கள் புழங்காத பரண் என்றால் வசந்தம் வரை அப்படியே விட்டுவிடுங்கள். அறைக்குள் வந்துவிட்டால் வனவிலங்கு மீட்பாளர்களைக் கூப்பிடுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது, ரேபிஸ் இருக்கலாம். யாரையாவது கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ, காயம் சின்னதுதானே என்று இருந்துவிடாமல் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.