தொண்டை கட்டிக்கொண்டது, டீச்சர் வேலையை விட்டுவிடலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் பெண் பி.எட். முடித்து ஜூனில் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருக்கிறார். அக்டோபருக்குள் குரல் போய்விட்டது, ராத்திரி பதினோரு மணி வரை நோட்டு திருத்துகிறார், பேங்க் எக்ஸாம் எழுதப்போகிறேன் என்கிறார். விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். அதற்காக, "போகப் போகப் பழகிவிடும்மா" என்று சமாதானமும் சொல்லாதீர்கள். தானாக எதுவும் பழகாது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் 60 வயதில்தான் ஓய்வு பெறுகிறார். உங்கள் பெண்ணுக்கு இப்போது 23. இன்னும் முப்பத்தேழு வருடம் ஓட வேண்டியவர், முதல் வருடத்திலேயே மூச்சு வாங்குகிறார் என்றால் எங்கே வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பில் நிற்கவே பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்த ஆசிரியர்கள் குறைவு. பயணம், குரல், நோட்டு இவற்றில்தான் பெரும்பாலானவர்கள் சோர்ந்து போகிறார்கள்.

பயணத்தில் ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபமாகத் தீரக்கூடியது. பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய் வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மழைக்காலத்தில் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். அயனாவரம், வில்லிவாக்கம், கொளத்தூர், புரசைவாக்கம் என்று உங்கள் வீட்டைச் சுற்றியே எத்தனை பள்ளிகள்! அடுத்த கல்வியாண்டுக்கு அவற்றில் ஒன்றைப் பாருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா, தெரியாது.

குரல் விஷயத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். உங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் ஸ்டான்லியும் பக்கம்தான், இரண்டிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. தினமும் கத்திப் பேசுபவர்களுக்குக் குரல் நாணில் சின்ன முடிச்சு விழுவது உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியுமே போதும், பயப்பட வேண்டாம். மிட்டாய் மாதிரி தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டே வகுப்பு எடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அது வலியை மறைக்குமே தவிர, தேய்வதை நிறுத்தாது. ரகசியம் பேசுவதுபோல் கிசுகிசுத்துப் பேசினாலும் குரலுக்கு ஓய்வு கிடைக்காது. அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் கெடுதல்தான்.

வகுப்பில் என்ன செய்வது? போர்டைப் பார்த்துக்கொண்டு பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்க இரண்டு மடங்கு கத்த வேண்டியிருக்கும். எழுதும்போது எழுதட்டும், திரும்பி நின்று பேசட்டும். பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு ஜெயித்த டீச்சர் யாரும் இல்லை. மேஜையை இரண்டு தட்டு தட்டிவிட்டு அடங்கும்வரை சும்மா நிற்க வேண்டும். முதல் வாரம் நிற்பது கஷ்டம், பிறகு அந்தத் தட்டுக்கே அடங்கிவிடுவார்கள். ஐம்பது பேர் வகுப்பு, தலைக்கு மேல் ஃபேன் சத்தம், பக்கத்தில் மெயின் ரோடு என்றால் இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கிக் கொடுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, இதை ஆண் ஆலோசகர்கள் எழுதுவதில்லை. தொடர்ந்து நாலு பீரியட், பாத்ரூம் போக நேரமில்லை என்று நம் டீச்சர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தொண்டை காய்கிறது, சிறுநீர்த் தொற்றும் வருகிறது. இடைவேளை டியூட்டியை ஒரு தோழியோடு மாற்றிக்கொண்டாவது தண்ணீர் குடித்து, போக வேண்டிய நேரத்தில் போகப் பழகட்டும்.

அடுத்து நோட்டு. ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 42 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக 210 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஏழு மணி நேரம். இதை எந்தக் கெட்டிக்காரியாலும் இரவில் முடிக்க முடியாது. எனவே வேகமாகத் திருத்தச் சொல்வதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு செக்‌ஷன் நோட்டு மட்டும் வாங்கட்டும். அதிலும் பத்துக் கணக்கில் ஒன்றை மட்டும் படி படியாகப் பார்க்கட்டும். மற்ற ஒன்பதுக்கும் விடையைப் போர்டில் எழுதினால் பிள்ளைகளே நோட்டை மாற்றித் திருத்திக்கொள்வார்கள். அவர்கள் கணக்குப் போடும் பத்து நிமிடத்தில் பெஞ்சு பெஞ்சாக நடந்து, பேனாவோடு அங்கேயே நாலைந்து நோட்டைப் பார்த்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பையன் மைனஸ் குறியை அடுத்த வரியில் விட்டுவிட்டான் என்றால், அவன் எழுதிய மை காயும் முன் காட்டுவதற்கும் மூன்று நாள் கழித்துச் சிவப்பு மையில் சுழிப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம். ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) எல்லா நோட்டிலும் கையெழுத்து கேட்பார், சரி. எந்த வாரம் எதைப் பார்த்தேன் என்று ஒரு அட்டவணை போட்டு முன்கூட்டியே காட்டிவிட்டால் பெரும்பாலான ஹெச்.எம்.கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டாஃப் ரூமில் கரெக்‌ஷனை முடித்துவிட்டு நேரத்துக்குக் கிளம்பும் சீனியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். புலம்புகிற கூட்டத்தை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வருடம் தயாரிக்கும் ஸ்லிப் டெஸ்ட், ஒர்க் ஷீட் எதையும் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த வருடம் பாதி வேலை மிச்சம்.

சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுத்தால் நாலு காசு வருமே என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 28-வது பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், போன குரலை வைத்து இன்னும் இரண்டு மணி நேரம் பேசச் சொல்வது நியாயமா? அதே சட்டத்தின் 17-வது பிரிவையும் அவர் நினைவில் வைக்கட்டும். பிள்ளைகளை அடிக்கவோ மனம் நோகப் பேசவோ கூடாது என்கிறது அது. அசதியில் கை ஓங்குவது கடைசி பீரியடில்தான் நடக்கிறது, அப்போது ஸ்கேல் மேஜையில் இல்லாமல் இருப்பது நல்லது.

பணம், காகிதம் பற்றிச் சுருக்கமாக: ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பள்ளியில் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும். சம்பளம் வங்கி வழியாக வரட்டும். பி.எஃப். பிடித்தால், பள்ளி மாறினாலும் மாறாத அந்தக் கணக்கு எண்ணை (யு.ஏ.என்.) குறித்து வையுங்கள். பள்ளி மாறும்போது பணத்தை எடுக்காமல் அதே எண்ணில் தொடருங்கள், பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 2009-இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பொதுவாக ஒரே இடத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதிவிட்டாரா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதாவிட்டால், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கான இரண்டாம் தாளுக்குத் தயாராகட்டும். 150 மதிப்பெண்ணில் 60 அவருடைய கணிதம், அறிவியல் பகுதி. 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், அது பி.எட். பாடம் மறக்கும் முன் எழுதினால் சுலபம். ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸ் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐம்பது வயதில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். அரசுப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட்டுக்குப் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியர் ஆக எம்.எஸ்சி. வேண்டும், அதை இரண்டாம் வருடத்தில் தொலைநிலையில் ஆரம்பிக்கலாம். எம்.எட்.டுக்கு அவசரமில்லை.

இத்தனையும் செய்து பார்த்து, பிப்ரவரியில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த வகுப்புக்குப் போகும்போது மனசு லேசாக இருக்கிறது? "ஏழாவது பி" என்றோ "எட்டாவது ஏ" என்றோ ஒரு பதில் வந்தால் பள்ளியை மட்டும் மாற்றினால் போதும். தனியார் பள்ளிகள் அடுத்த வருடத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கும் நேரமும் அதுதான். எதுவுமே இல்லை என்றால் அவர் பேங்க் பக்கமே போகட்டும், தடுக்காதீர்கள். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது வரை, அதிகாரி (பி.ஓ.) தேர்வுக்கு 30 வரை நேரம் இருக்கிறது. நடுவில் நிற்காமல் ஏப்ரல் வரை முடித்து, அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டே வெளியே வரட்டும்.