பூச்சியச் சுட்டி ஏன் ஒன்றைத் தருகிறது?

கேள்வி: தரம் 9 இல் கற்கும் என் மகள், "5³ என்றால் மூன்று ஐந்துகளின் பெருக்கம், அப்படியென்றால் 5⁰ பூச்சியம்தானே?" என்று கேட்கிறாள். ரியூசனில் விடை 1 என்று பாடமாக்கச் சொன்னார்களாம். எப்படி விளக்குவது?
- ஒரு தாயார், சாவகச்சேரி

பதில்: மகளின் கேள்வி நியாயமானது, விளக்காமல் பாடமாக்கச் சொன்னதே பிழை. கூட்டலுக்குத் தொடக்கம் பூச்சியம். பெருக்கலுக்குத் தொடக்கம் ஒன்று. 5³ ஐ 1×5×5×5 என்று எழுதி, ஐந்துகளை ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லுங்கள். 125, 25, 5 என்று இறங்கி, கடைசி ஐந்தும் போனபின் அந்த 1 எஞ்சும். ஒவ்வொரு படியும் ஐந்தால் வகுப்பதே என்பதை அவர் கண்டுகொண்டால், அடுத்த படியில் 5⁻¹ ஐந்தில் ஒன்று என்பதும் தானாக வரும்.

வங்கியில் ஓர் இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 10% கூட்டுவட்டிக்கு வைப்பிட்டதாகக் கொள்வோம். ஈராண்டில் அது 1.1² மடங்காகி 121,000 ரூபா. ஓராண்டில் 110,000 ரூபா. வைப்பிட்ட அன்றோ 1.1⁰ மடங்கு. இது பூச்சியமானால், காசைக் கட்டிய கணமே முழுத்தொகையும் இல்லாமற்போக வேண்டும்.

பரீட்சைக் காலத்தில் விற்கும் குறுங்குறிப்புப் புத்தகங்களை வாங்காதீர்கள். "எதற்கும் பூச்சியச் சுட்டி இட்டால் 1" என்ற ஒரு வரியை அச்சிட்டுக் காசு பறிப்பவர்கள், (−5)⁰ என்பது 1 என்றும் −5⁰ என்பது (அடைப்பு இல்லாததால் சுட்டி 5 இற்கு மட்டுமே உரியது) −1 என்றும் பிரித்துக் காட்டுவதில்லை. பாடத்திட்டத்தை முடித்தாற் போதும் என்று ஓடும் வகுப்பறையிலும் இதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. பிள்ளைகள் புள்ளிகளை இழப்பது இங்கேதான்.

அந்த ஒரு வரியில் இன்னொரு பிழையும் உண்டு. அடியும், அதாவது சுட்டி இடப்படும் எண்ணும், பூச்சியமாக இருந்தால் விதி செல்லாது. 0³, 0², 0¹ யாவும் 0 என்பதால் 0⁰ உம் 0 ஆக வேண்டும்போல் தெரியும். 3⁰, 2⁰, 1⁰ யாவும் 1 என்பதால் 1 ஆக வேண்டும்போலும் தெரியும். வகுத்துப் பார்த்துத் தீர்க்கலாமென்றால், 5³÷5³ = 5³⁻³ = 5⁰ = 1 என்பதுபோல 0³÷0³ என்று எழுத வேண்டிவரும். பூச்சியத்தால் வகுக்க இயலாது. 628 ஆம் ஆண்டில் பூச்சியத்துக்கு விதிகள் வகுத்த இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 0÷0 ஐ 0 என்றே கொண்டார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. உயர்கணிதத்தின் சில பிரிவுகளில் 0⁰ ஐ 1 எனக் கொள்வார்கள், ஆனால் பாடசாலைக் கணக்கில் அதற்குப் பெறுமதி கொடாது விடுவதே முறை. ஆகவே மகள் கொப்பியில் விதியை எழுதும்போது, அடி பூச்சியமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் அதே வரியிலேயே எழுதட்டும்.