அருங்காட்சியக ஆய்வு நல்கை: தலைப்பை விடுங்கள், பெட்டியைச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வரலாற்றில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களைப் பற்றி ஆராய, வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றின் மூன்று மாத ஆய்வு நல்கைக்கு (ஃபெல்லோஷிப்) விண்ணப்பிக்கப் போகிறேன். ஆய்வுத் திட்டத்தை எப்படி எழுதினால் எடுபடும்?”

பல்கலைக்கழக உதவித்தொகை உங்கள் ஆய்வுக் கேள்விக்காகக் கிடைப்பது. அருங்காட்சியகத்தின் நல்கை, அங்குள்ள சேகரிப்பு இல்லாமல் உங்கள் ஆய்வு நடக்காது என்பதற்காகக் கிடைப்பது. நல்ல தலைப்புகள் பல தள்ளப்படுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். “தமிழர் பண்பாட்டை ஆராய்வேன்” என்று எழுதினால், அதற்கு எங்கள் கட்டடம் எதற்கு என்றுதான் தேர்வுக்குழு கேட்கும். எனவே எழுத உட்காருமுன் காப்பாளருக்குச் சிறு மடல் ஒன்று அனுப்புங்கள். உங்கள் கேள்வியை இரண்டே வரியில் சொல்லி, எந்தப் பொருள்களைப் பார்க்க வேண்டும், அவற்றுக்குப் பட்டியல் இருக்கிறதா, எவை பழுதாகி வெளியே எடுக்க முடியாமல் கிடக்கின்றன என்று கேளுங்கள். பதிலில் வரும் பெட்டி எண்களையும் பொருள்களின் பதிவு எண்களையும் திட்டத்தின் முதல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். மூன்று மாதத்தில் எல்லோரையும் தொட முடியாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 342 பேர். ஒருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாவற்றையும் படித்துப் பதிய ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் இருபத்தெட்டரை மணி நேரம். வாசிப்பறையில் நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு நாள் வேலை. இந்தக் கணக்கை அப்படியே திட்டத்தில் காட்டுங்கள். வேலையின் அளவு தெரிந்தவர் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் வரும்.

கப்பல் பட்டியல்களின் மின்வடிவத்தை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் வழியாகவும், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலும் முன்பே பார்த்துவிடுங்கள். வெளியே கிடைப்பதை மட்டுமே பார்க்க நல்கை கேட்டால் விண்ணப்பம் பலவீனமாகிவிடும்.

உங்கள் பெரிய பலம் தமிழ் வாசிப்பு. அதை “தாய்மொழி தமிழ்” என்ற ஒரு வரியில் அடக்கிவிடாதீர்கள். பட்டியல்களை எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். கவுண்டர் இங்கே ‘கோவெண்டர்’ ஆனதை நீங்களே அறிவீர்கள். ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். ஊர்ப்பெயரைத் தாலுகாவோடு சேர்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும், ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால். பழைய தமிழ்க் கையெழுத்தில் பல இடங்களில் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். கோயில் கணக்கில் ‘ரௌத்திரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1860 ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு தள்ளி 1920 ஆகவும் இருக்கலாம். தாளையும் உடன் வரும் பெயர்களையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இப்படி ஒரு பக்கத்தைப் படித்து, மூலத்தையும் நீங்கள் படித்தெழுதிய படியையும் இணைத்து அனுப்பினால் தகுதிச் சான்று வேறு வேண்டாம்.

செலவுப் பட்டியலில் பயணம், தங்குமிடத்தோடு படம் எடுக்கும் கட்டணத்தையும் வெளியீட்டு அனுமதிக் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். படம் எடுக்க அனுமதித்துவிட்டாலே அச்சிடவும் அனுமதித்ததாக ஆகாது.

கடைசி நேரத்தில் பலர் சிக்குவது வாய்மொழிப் பேட்டியில்தான். உங்கள் ஆய்வுக்காக, அந்தத் தொழிலாளர்களின் வழிவந்து தெருக்கூத்து ஆடிய பெரியவர்களைப் பேட்டி காண்பதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். உயிரோடிருப்பவர்களின் விவரங்களுக்குத் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். ஒப்புதல் கைக்கு வராவிட்டால் பேட்டிகளை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் இருக்கும் கூத்துக் கிரீடங்களையும் புஜக்கட்டைகளையும் (தோளணிகள்) மட்டும் வைத்து எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு அதுவே நிறைய.

பரிந்துரைக் கடிதம் தருபவருக்குத் திட்டத்தின் நகலையும் பதிவு எண்களையும் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.