கொழும்பில் நெருங்கிய ஒருவரை இழந்த பிறகு, மனம்விட்டுக் கதைக்கத் தொண்டர்கள் நடத்தும் இடம் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. நானே போயிருக்கிறேன்.

அம்மா செத்தபோது வீடு நிறையச் சனம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று 31ஆம் நாள் வரைக்கும் ஓட்டம்தான். அதெல்லாம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை நாலு மணிக்கே எழும்பி, அம்மாவின் கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துவிட்டேன். அன்றைக்கு அவவுக்குக் கிளினிக். வெள்ளனப் போனால்தான் நம்பர் கிடைக்கும். கதவைப் பூட்டும்போதுதான் உறைத்தது, யாருக்கு நம்பர் எடுக்கப் போகிறேன் என்று.

இதைத் தங்கச்சிக்குச் சொன்னால் அவளும் அழுவாள். சொந்தக்காரரோ "கிடையில் கிடக்காமல் போனா, புண்ணியம்" என்பார்கள். வெள்ளவத்தையில் ஒருத்தருக்குச் சொன்னால் பின்னேரத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும், அது வேறு.

கடைசியில் ஹோட்டன் பிளேஸில் இருக்கும் சுமித்ரயோவுக்குப் போனேன். 1974இல் தொடங்கியது. சிங்களத்தில் 'நல்ல நண்பர்கள்' என்று அர்த்தம். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, துக்கத்தில் இருப்பவர்களும் போகலாம். காசு வாங்குவதில்லை. சொன்னது வெளியே போகாது. இருப்பவர்கள் டொக்டர்மார் இல்லை. பயிற்சி எடுத்த தொண்டர்கள், உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள். புத்திமதி சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். என் முன்னால் இருந்தவர் "காலம் ஆற்றும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அம்மா எப்படிப்பட்டவ என்று கேட்டார். ஒன்றரை மாதமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி.

நேரே போகக் கூச்சமாக இருந்தால் 1333க்கு எடுங்கள். அது சுமித்ரயோ இல்லை, CCCline என்ற வேறொரு தொலைபேசிச் சேவை. இலவசம், இரவு பகல் பார்க்க வேண்டாம், மூன்று மொழியிலும் கதைக்கலாம். எங்கே போனாலும் தமிழில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுகையோடு மொழிபெயர்க்கவும் வேண்டியிருந்தால் பெரிய தொல்லை.

ஆனால் ஒன்று. நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் இல்லை, நானும் போய்ச் சேர்ந்தால் என்ன என்று மனம் போகிறது என்றால், கதைப்பதோடு நிற்காமல் டொக்டரையும் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எந்நேரமும் வேலை செய்யும்.

முதல் நாள் என்ன கதைப்பது என்று யோசிக்க வேண்டாம். நான் பாதி நேரம் கிளினிக்கில் நம்பர் எடுப்பது எப்படி என்றுதான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.